கேப்பர் மலையில் பனி

ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினேன்.
புதுச்சேரி காந்தி வீதி,
பழைய ஜீன்ஸ் குவியலுக்கும்
ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே
ஆளுயரத்துக்கு மேல் இரண்டு பலகை,
முனை மட்டும் மேலே வளைந்து
ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி.
"கட்டில் சட்டமா?"
"பிரெஞ்சுக்காரர் வீடு காலி பண்ணாங்க சார்.
பனியில மாட்டிக்கிட்டுப் போறது."
நானூறு சொன்னான். முந்நூற்று இருபதுக்குப் படிந்தது.

கடலூர் பஸ்ஸில் அதற்குத் தனி லக்கேஜ் டிக்கெட்.

குமுதவல்லி சுற்றிவந்து பார்த்தாள்.
"தைப்பனி தரையைத் துளைக்கும்,
மாசிப்பனி மச்சைத் துளைக்கும்.
இது எந்தப் பனிக்கு?"

நியாயமான கேள்விதான்.
புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி,
பைபாஸில் லாரியை மறைப்பதும் பனி,
எங்கோ கூரை முறியக் கொட்டுவதும் பனி.
ஒற்றைச் சொல்லை மடித்து மடித்துப் போர்த்தி
எல்லாக் குளிரையும் சமாளித்துவிட்டோம்.

சனிக்கிழமை. நைட் ஷிப்ட் முடிந்து
சிப்காட் வாடை சட்டையில் இருக்கும்போதே
மொபெட்டில் பலகையைக் கட்டி ஏறினேன்.
மலை என்பது ஒரு மரியாதைக்கு.
செம்மண் மேடு, அதன் முதுகில் மத்திய சிறை.
மதிலுக்கு அந்தப் பக்கம்
தானே புயலில் முந்திரி சாய்ந்த சரிவில்
பிறகு வைத்த சவுக்கு.
அடியில் ஒரு சாண் கனத்துக்குச் சருகு.
சவுக்குச் சருகு வழுக்கும்;
விழுந்தவனுக்குத்தான் தெரியும் எவ்வளவு என்று.

மாட்டுகிற கொக்கி உடைந்திருந்ததால்
ரப்பர் செருப்பை ஆணியடித்து
சைக்கிள் டியூபால் இறுக்கினேன்.
கைக்கு, கூட்டம் முடிந்து கிடந்த
எந்தக் கட்சி என்று தெரியாத இரண்டு கொடிக்கம்பு.
வலதைத் தள்ளு. இடதைத் தள்ளு.
நடையும் இல்லை ஓட்டமும் இல்லை,
நின்றுகொண்டே போகிற ஒரு போக்கு.
ஏழாவது மரத்தில் மோதினேன்.

சிரிப்புச் சத்தம்.
மனு பார்க்க வந்தவர்கள்,
டோக்கன் எண் கூப்பிடும்வரை நிழல் தேடி
தோப்போரம் ஒதுங்கியிருந்தார்கள்.
தூக்குவாளிகள். பிஸ்கட் பொட்டலங்கள்.
வாட்ச்மேன் ஞானப்பிரகாசம் விசில் ஊதியபடி வந்தார்.
"யாரைக் கேட்டு? இது என்ன பார்க்கா?"
"பொதுமக்கள் வரக்கூடாதுன்னு போர்டு இருக்கா?"
யோசித்தார்.
"வரலாம்னும் போர்டு இல்ல."
அந்த இடைவெளியில் அவர் உட்கார்ந்தார்,
பீடி பற்றவைக்கவில்லை, சருகுக்குப் பயந்து.

நிதர்சனுக்கு ஒன்பது வயது.
பண்ருட்டிப் பக்கம். அம்மா அஞ்சலாட்சி.
என் செருப்புக்குள் அவன் கால்
படகில் வைத்த மீன் போல.
ஒரு தள்ளு. நாலு மீட்டர். விழுந்தான்.
எழுந்து, ஆறு மீட்டர்.
அவன் விழும்போதெல்லாம் அவள் எழுந்தாள்;
ஐந்தாம் முறை எழவில்லை,
சம்மணமிட்டு டோக்கனால் விசிறிக்கொண்டாள்.
"உள்ளேருந்து பாத்தா இது தெரியுமா?"
என்னைத்தான் கேட்டான்.
மதிலைப் பார்த்தேன்.
"தெரியாது" என்றேன். பொய் சொல்ல உயரம் போதவில்லை.

எண் கூப்பிட்டார்கள். அறுபத்தெட்டு.
டியூபை அவிழ்க்க நேரமெடுத்தது, முடிச்சு இறுகியிருந்தது.
அவள் "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள்
பலகையிடம் சொல்வது போல.

முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்தார்கள்.
தலைமுடியில் சருகோடுதான் போயிருக்கிறான்,
அதிலிருந்துதான் பேச்சே தொடங்கியதாம்.
"விழுந்தியா, போனியான்னு கேட்டார் அப்பா."
"நீ?"
"ரெண்டும்னேன்."

அடுத்த மனு பதினைந்து நாள் கழித்து.
அன்றைக்கு எனக்குப் பகல் ஷிப்ட்.
பலகைகளை ஞானப்பிரகாசத்தின் கொட்டகையில் சாய்த்தேன்,
அவர் கைவசம் சாவி இல்லை,
கதவும் இல்லை.